அஞ்சி ஓடும் குஞ்சு அருகே வருமா?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை தவறினால் கம்பும் சோளமும் குதிரைவாலியும் பொய்த்துவிடும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் பல வீடுகளில் கைகொடுப்பது கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிதான். பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வாங்க வேண்டுமா, திடீரென்று மருந்துச் செலவா, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுத வேண்டுமா? ஒரு கோழியை விற்றால் காரியம் நடக்கும். அம்மாவின் சேமிப்புப் பெட்டி அது.

உங்கள் வீட்டில் பத்துக் குஞ்சுகள் வாங்கி விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவியில் பொரித்த குஞ்சுகள்; தாயை அறியாதவை. வயது ஒரு மாதம். நீங்கள் தீவனக் கிண்ணத்துடன் போகிறீர்கள். உணவு கொண்டுவருபவர் என்ற நன்றி சிறிதும் இல்லாமல் பத்தும் பத்துத் திசையில் சிதறி ஓடுகின்றன! ஏன்?

'ஓடினால் ஓடட்டும், கோழி என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிட முடியாது. உங்களைக் கண்டு ஓடும் கோழி, மாலையில் கூட்டில் அடைய மறுக்கும். சீமைக்கருவேல மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரவில் காட்டுப்பூனைக்கு இரையாகும். காலில் முள் குத்தினாலும், கண்ணில் அம்மைக் கொப்புளம் வந்தாலும் அருகில் சென்று பார்க்க முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமானது தடுப்பூசி. 'வெள்ளைக்கழிச்சல்' என்று நம் ஊரில் சொல்லப்படும் நோய் வந்தால் சில நாட்களிலேயே கூட்டம் முழுவதும் மடிந்துபோகக்கூடும். 1920களின் பிற்பகுதியில், இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத் என்னும் ஊரில் இந்நோய் ஆராயப்பட்டதால் இதற்கு 'ராணிகேத் நோய்' என்றும் பெயர். வந்தபின் இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு. ஆனால், தடுப்பூசி முகாமுக்குக் கோழியைக் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அது கையில் அகப்பட வேண்டும் அல்லவா?

ஆகவே, குஞ்சின் அச்சத்தைப் புரிந்துகொள்வது பயனுள்ள விஞ்ஞானம். அதைச் சற்று ஆராய்வோம்.

அச்சம் ஒரு கவசம்

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. பல வீட்டுக்கோழிகளின் கால்கள் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

காட்டுக்கோழி தரையில் மேய்வது. அதன் குஞ்சைத் தின்ன வானத்திலிருந்து வல்லூறு வரும். புதரிலிருந்து கீரி வரும். அந்தக் குஞ்சின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். ஏதோ அசைகிறது. அது ஆபத்தா, இல்லையா என்று தெரியவில்லை. ஓடிவிட்டீர்கள், பிறகு பார்த்தால் காற்றில் ஆடிய பனையோலை. நட்டம் என்ன? சிறிது ஓட்டம், இரண்டு வாய் இரை. மாறாக, 'பனையோலைதான்' என்று நின்றுவிட்டீர்கள், வந்தது வல்லூறு. நட்டம் உயிர்!

வீணாக நூறு முறை ஓடிய குஞ்சு பிழைத்தது. ஒரே ஒருமுறை ஓடாமல் நின்ற குஞ்சு அழிந்தது. பிழைத்தவற்றின் வழிவந்தவைதான் இன்றைய கோழிகள். ஆகவே, அச்சத்தை ஒரே தடவையில் கற்றுக்கொள்வதும், நம்பிக்கையைப் பல தடவை சோதித்துப் பார்த்து மெல்லக் கற்றுக்கொள்வதும் குஞ்சின் இயல்பு. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொல்லப்போகும் எல்லாம் எளிதில் விளங்கும்.

குஞ்சின் கண்ணுக்கு நீங்கள் யார்?

கோழியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தை அது பார்க்கிறது. பின்னால் பதுங்கி வந்து பிடித்துவிடலாம் என்று நீங்கள் போடும் திட்டம் பெரும்பாலும் தோற்றுப்போவது இதனால்தான். நிறத்தை உணரும் கூம்பு செல்கள் நமக்கு மூன்று வகை. கோழிக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களின் ஒரு பகுதியும் அதற்குத் தெரியும்.

இன்னொரு வியப்பு. கோழிக்குஞ்சு தன் இரு கண்களையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. தானியத்தையும் கல்லையும் பிரித்தறிய வலது கண்ணையும், மேலே பறக்கும் பகைவனைக் கவனிக்க இடது கண்ணையும் அதிகமாகப் பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி லெஸ்லி ரோஜர்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தவர். குஞ்சு தலையைச் சாய்த்து உங்களை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறதே, அப்போது அது எந்தக் கண் என்று கவனித்துக் குறித்து வையுங்கள்.

இப்போது நீங்கள் எப்படிக் குஞ்சைப் பிடிக்கிறீர்கள் என்று யோசியுங்கள். குஞ்சின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. நீங்களோ ஐந்தடி. குனிந்து, கைகளை விரித்து, மேலிருந்து பாய்கிறீர்கள். குஞ்சின் கண்ணுக்கு நீங்கள் தீவனம் தருபவர் அல்ல. சிறகு விரித்து இறங்கும் வல்லூறு!

தாயின் பின்னால் ஓடும் இரகசியம்

அப்படியானால் தாய்க்கோழியை மட்டும் குஞ்சு எப்படி நம்புகிறது? அதுவும் குஞ்சைவிடப் பன்மடங்கு பெரியதுதானே?

1873ஆம் ஆண்டில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் தம் பரிசோதனை ஒன்றை வெளியிட்டார். குஞ்சுகள் எதையும் பார்க்கும் முன்பே அவற்றின் தலையில் சிறு முக்காடு போட்டுக் கண்களை மறைத்தார். ஓரிரு நாட்களில் முக்காட்டை எடுத்தபோது, அந்தக் குஞ்சுகள் கண்ணில் பட்ட மனிதரான அவரையே பின்தொடர்ந்தன. ஏறக்குறைய நான்கு நாட்கள் முக்காட்டுடன் இருந்த குஞ்சுகளோ, அதை எடுத்ததும் அவரைக் கண்டு அலறி ஓடின. பிறந்தவுடன் ஒரு கதவு திறந்திருக்கிறது. சில நாட்களில் அது மூடிக்கொள்கிறது. திறந்திருக்கும்போது கண்ட பெரிய, அசையும் உருவத்தைக் குஞ்சு 'தாய்' என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லோரன்ஸ் வாத்துகளிடம் இதை ஆராய்ந்து 1935இல் விளக்கினார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்காக 1973இல் அவரும் நிக்கோ டின்பர்கன், கார்ல் வான் ஃபிரிஷ் ஆகியோரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மாதக் குஞ்சுகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இனி உங்களைத் தாயாக அவை ஏற்கப்போவதில்லை. ஆனால் கவலை வேண்டாம். தாயாக முடியாவிட்டாலும் தீங்கற்றவர் ஆகலாம். அதற்கு வேறொரு கதவு இருக்கிறது. அது என்றும் மூடுவதில்லை.

பழகப் பழகப் பயம் தெளியும்

1930களில் லோரன்ஸும் டின்பர்கனும் அட்டையில் பறவை உருவங்களை வெட்டி, இளம் பறவைகளின் தலைக்கு மேலே கம்பியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கழுத்து குட்டையாகவும் வால் நீளமாகவும் உள்ள வல்லூறு வடிவத்தைக் கண்டு பறவைகள் மிரண்டன. வல்லூறின் வடிவம் பிறவியிலேயே பறவையின் மூளையில் இருக்கிறது என்று பலரும் கருதினார்கள். பிறகு வுல்ஃப்காங் ஷ்லைட் என்பவர் வான்கோழிகளைக் கொண்டு இதை மீண்டும் சோதித்து, 1961இல் முடிவை வெளியிட்டார். வடிவம் முக்கியமல்ல; அடிக்கடி காட்டப்பட்ட உருவத்துக்குப் பறவைகள் பழகிப்போயின, அரிதாகக் காட்டப்பட்ட உருவத்துக்கே மிரண்டன என்று தெரிந்தது.

இதன் பொருள் என்ன? அடிக்கடி வந்தும் தீங்கு செய்யாத ஒன்றைப் பறவை தன் பகைவர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. எருமை அருகில் மேயும் கோழியைப் பாருங்கள். எருமை எவ்வளவு பெரியது! கோழி அதைச் சட்டை செய்வதே இல்லை. எருமை ஒருநாளும் கோழியைத் துரத்தியதில்லை, அவ்வளவுதான்.

மனிதருக்கும் இது பொருந்துமா? ஸ்காட்லாந்தில் ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பிரையன் ஜோன்ஸ் இதை ஆராய்ந்தார். அன்றாடம் மென்மையாகக் கையாளப்பட்ட குஞ்சுகள் மனிதரைக் கண்டு அஞ்சுவது குறைந்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறொன்று. தம்மை யாரும் தொடாவிட்டாலும், மனிதரை அன்றாடம் அருகில் பார்த்த குஞ்சுகளுக்கும், பக்கத்துக் குஞ்சுகள் கையாளப்படுவதைப் பார்த்த குஞ்சுகளுக்கும் அச்சம் குறைந்தது! 1993இல் அவர் வெளியிட்ட இம்முடிவு நமக்கு மிகவும் பயன்படும். பத்துக் குஞ்சுகளையும் பிடித்துத் தடவ வேண்டியதில்லை. ஒன்று துணிந்தால் மற்றவை பார்த்துக் கற்கும்.

குரலைக் கேளுங்கள்

குஞ்சின் மனநிலையை அறிய அதன் குரல் உதவும். உரத்த, விட்டுவிட்டு வரும் 'கீச்... கீச்' ஒலி துன்பத்தின் அறிகுறி. ஒவ்வொரு கீச்சும் உயர்ந்த சுருதியில் தொடங்கித் தாழ்ந்து முடியும். குளிர், பசி, தனிமை, அச்சம் ஆகிய எதனாலும் இது வரும். நிம்மதியாக உள்ள குஞ்சு மெல்லிய குரலில், விரைவாக, சுருதி ஏறும் வகையில் ஒலி எழுப்பும். வளர்ந்த கோழிகள் பகைவன் வரும் வழியையும் குரலில் சொல்லிவிடும். பருந்து, வல்லூறு வந்தால் ஒருவகைக் கூவல். அதைக் கேட்ட கோழிகள் மறைவிடம் தேடிப் பதுங்கும். தரையில் கீரியோ நாயோ வந்தால் 'கெக்... கெக்... கெக்' என்று கொக்கரிப்பு; கோழிகள் நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும். பகைவன் இல்லாமல், ஒலிப்பதிவை மட்டும் கேட்கச் செய்தபோதும் கோழிகள் இவ்வாறே நடந்தன.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். கோழியை மல்லாக்கப் படுக்க வைத்துச் சிறிது நேரம் பிடித்திருந்தால் அது அசையாமல் கிடக்கும். 'கோழி வசியமாகிவிட்டது' என்று சிறுவர்கள் கைகொட்டுவார்கள். 1646இலேயே அத்தனாசியஸ் கிர்ச்சர் என்னும் பாதிரியார் இதை ஓர் அற்புதம்போல எழுதிவைத்தார். உண்மையில் இது வசியமும் அல்ல, உறக்கமும் அல்ல. பகைவனின் பிடியில் சிக்கிய பறவை செத்ததுபோல் கிடக்கும் கடைசித் தற்காப்பு. எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறதோ அவ்வளவு அச்சம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. கையில் அசையாமல் இருக்கும் குஞ்சு பழகிவிட்ட குஞ்சு அல்ல. அதை விளையாட்டாகச் செய்யாதீர்கள்.

செய்து பாருங்கள்

இப்போது நாமே ஒரு பரிசோதனை செய்வோம். தேவையானவை: ஒரு கைப்பிடி குதிரைவாலி அல்லது அரிசிக் குருணை, ஒரு மணைப்பலகை, அளவுகோல், சுண்ணாம்பு அல்லது கோலமாவு, ஒரு நோட்டு, நிறையப் பொறுமை. காலம் இரண்டு வாரம்.

கொல்லையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து மணைப்பலகையைப் போடுங்கள். அங்கிருந்து 10 அடி வரை, ஓர் அடிக்கு ஒரு கோடு வரையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். குஞ்சுகள் பசியோடு இருக்கும் காலை நேரம் நல்லது.

முதல் மூன்று நாள்: தானியத்தை 10 அடிக் கோட்டில் தூவிவிட்டு வந்து உட்காருங்கள். நிற்க வேண்டாம், உட்கார்ந்தால் உங்கள் உயரம் பாதியாகிவிடும். குஞ்சுகளை உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி இருங்கள். கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்து போய்விடுங்கள். முதல் குஞ்சு தானியத்தைக் கொத்த எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மட்டும் குறியுங்கள்.

நான்காம் நாள் முதல்: முந்தைய நாள் ஐந்து நிமிடத்துக்குள் குஞ்சுகள் வந்திருந்தால் மட்டுமே தானியத்தை ஓர் அடி அருகில் தூவுங்கள். வரவில்லையென்றால் அதே கோட்டில் நீடியுங்கள். தூவும்போது எப்போதும் ஒரே குரலில் 'பா... பா... பா...' என்று அழையுங்கள். கோழி வளர்க்கும் வீடுகளில் பாட்டிமார் அழைக்கும் முறைதான். ஒலியையும் உணவையும் குஞ்சு இணைத்துக் கற்றுக்கொள்ளும். பின்னாளில், மழை வருமுன் கூட்டில் அடைக்க இந்த ஓர் ஒலியே போதும்.

இரண்டாம் வாரம்: தானியம் உங்கள் காலடிக்கு வந்திருக்கலாம். இப்போது உள்ளங்கையைத் தரையில் வைத்து அதில் தானியம் இடுங்கள். குஞ்சு கையிலேறிக் கொத்தும்போது கையை மூடாதீர்கள்! அன்று மூடினால் அத்தனை நாள் உழைப்பும் வீணாகும். ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும் அச்சத்தை மறந்துவிடாதீர்கள். பல நாள் கையில் தின்ற பிறகு, மேலிருந்து அல்ல, பக்கவாட்டிலிருந்து விரலால் மார்பை மெல்லத் தடவலாம். தூக்கும்போது ஒரு கை மார்பின் அடியிலும் மறு கை சிறகுகளின் மீதும் இருக்கட்டும். ஒரு நொடி வைத்திருந்து, தரையில் விட்டுத் தானியம் கொடுங்கள்.

தானியத்துக்கும் வராத குஞ்சு கறையானுக்கு வரும். நம் கரிசல் காட்டில் அதற்குப் பஞ்சமா? பழைய பானையில் நனைந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, கறையான் நடமாடும் இடத்தில் இரவில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானைக்குள் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அது புரதம் நிறைந்த விருந்து.

இரண்டு வாரமும் எடுத்த அளவுகளை வரைபடத் தாளில் குறியுங்கள். கிடை அச்சில் நாள். நெடு அச்சில் தூரம். கோடு நேராக இறங்காது. பூனை வந்த நாளிலோ, யாராவது துரத்திய நாளிலோ சட்டென்று மேலே ஏறும். அந்த ஏற்றம் குறைய எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். அச்சத்தின் வேகத்தையும் நம்பிக்கையின் வேகத்தையும் உங்கள் கையாலேயே அளந்துவிட்டீர்கள்! பிறகு உங்கள் தம்பியையோ தங்கையையோ மணையில் உட்கார வைத்துப் பாருங்கள். உங்களுக்கு வரும் குஞ்சு அவர்களுக்கும் வருகிறதா? உங்களை மட்டும் தெரிந்துகொண்டதா, அல்லது மனிதர் எல்லாரையும் நம்பிவிட்டதா? விடையைக் குஞ்சுகளே சொல்லும்.

சில எச்சரிக்கைகள்

குஞ்சைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். கட்டாயம் பிடித்தாக வேண்டிய நாளில், இருட்டியபின் கூட்டிலிருந்தோ பஞ்சாரத்தின் அடியிலிருந்தோ எடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் கோழி அமைதியாக இருக்கும். தடுப்பு மருந்துக்கும் அதுவே வழி: முதல் நாள் இரவே எடுத்துக் கூடையில் வைத்துவிட்டால் காலையில் ஓட்டமும் இல்லை, கலவரமும் இல்லை. எந்த வயதில் எந்த மருந்து என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குஞ்சுகளைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். நலமாகத் தோன்றும் கோழியிடமும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சோர்ந்து தூங்கி விழும் குஞ்சு அருகில் வந்தால் அது பழகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது நோயாக இருக்கலாம். அதைத் தனியே பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

குஞ்சுகளின் அச்சத்தை அடியோடு போக்கிவிடவும் முயல வேண்டாம். மரம் குறைந்த நம் வெட்டவெளியில் வல்லூறின் நிழல் கண்டதும் பாய்ந்து புதரில் ஒளியும் குஞ்சுதான் பிழைக்கும். அந்த அச்சம் அதற்கு வேண்டும். பகைவர் பட்டியலில் வல்லூறும் கீரியும் பூனையும் இருக்கட்டும். உங்கள் பெயரை மட்டும் அதிலிருந்து அழித்தால் போதும். அதை அழிக்கும் அதிகாரம் குஞ்சிடம் இருக்கிறது. அதற்கான சான்றுகளை நாள்தோறும் கொடுப்பது மட்டுமே நம் வேலை.

நாளைக் காலை மணைப்பலகையையும் ஒரு கைப்பிடி குதிரைவாலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் முதல் நாளின் நிமிடத்தைக் குறியுங்கள்.